சங்கு ஊதிய ஊரும் ஜீ.ஜீ. பொன்னம்பலமும்

காங்கேசன்துறையில் வளர்ந்த எங்களுக்குச் சீமெந்துத் தொழிற்சாலையின் சங்குதான் மணிக்கூடு. காலைச் சங்குக்கு அப்பு சைக்கிளை எடுப்பார். பின்னேரச் சங்குக்கு அம்மம்மா தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டுவா. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது அந்தச் சங்கு நின்றது. நாங்களும் கையில் அகப்பட்டதோடு வெளிக்கிட்டோம்.

அப்பு தொழிற்சாலை தொடங்கிய காலத்திலேயே வேலைக்குச் சேர்ந்தவர். ஜீ.ஜீ. பொன்னம்பலத்தின் கதையை நான் முதலில் கேட்டது அவரிடம்தான், மல்லாகத்து முகாம் கொட்டிலில். புத்தகங்களில் வாசித்தது பிறகு. இரண்டுக்கும் நடுவில் நான் கண்ட மனிதரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அரசாங்கத்தோடு சேர்ந்து எதையாவது ஊருக்குக் கொண்டுவருவதா, உரிமைக்காக வெளியில் நிற்பதா என்று ஒவ்வொரு தேர்தலிலும் எங்கள் வேலிப் படலைகளில் நடக்கும் வாக்குவாதத்தின் தொடக்கம் அவருடைய வாழ்க்கையில் இருக்கிறது.

பொன்னம்பலம் 1901 நவம்பர் 8 அன்று வடமராட்சி அல்வாயில் பிறந்தார். தகப்பனார் தபால் அதிபர். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரி, கொழும்பு புனித சூசையப்பர் கல்லூரி என்று படித்து, கேம்பிரிட்ஜ் போய் இயற்கை விஞ்ஞானம் கற்றார். பிறகு சட்டத்தரணியானார். குற்ற வழக்குகளில் அவருடைய குறுக்கு விசாரணையைக் கேட்பதற்கென்றே சனம் நீதிமன்றம் போகுமாம்.

1931ஆம் ஆண்டுச் சட்டசபைத் தேர்தலை யாழ்ப்பாணம் பகிஷ்கரித்தது. நான்கு ஆசனங்கள் வெறுமையாகக் கிடந்தன. 1934இல் இடைத்தேர்தல் வந்தபோது பருத்தித்துறைத் தொகுதியில் வென்று உள்ளே போனார். ஐம்பதுக்கு ஐம்பது கோரிக்கை அங்கேயிருந்துதான் வளர்ந்தது. சட்டசபையில் பாதி இடங்கள் சிங்களவருக்கும், மீதிப் பாதி ஏனைய எல்லாச் சமூகங்களுக்கும் என்பது அதன் சாரம். 1944இல் தமிழ்க் காங்கிரசைத் தொடங்கி, சோல்பரி ஆணைக்குழு முன்னால் அதை வாதாடினார். ஆணைக்குழு ஏற்கவில்லை. ஆனாலும் 1947 தேர்தலில் யாழ்ப்பாணத் தொகுதியில் அருணாசலம் மகாதேவாவைத் தோற்கடித்தார். மகாதேவா சேர் பொன்னம்பலம் அருணாசலத்தின் மகன், அப்போது உள்நாட்டு அமைச்சர். தபால் அதிபரின் மகன் அவரை வென்றதை அப்பு சொல்லும்போது, தானே வாக்கு எண்ணியது போலச் சொல்லுவார். அப்புவுக்கு அப்போது வாக்கே இல்லை, வயது காணாது.

அடுத்த வருடம் செப்டம்பரில் டீ.எஸ். சேனநாயக்காவின் அமைச்சரவையில் கைத்தொழில், கடற்றொழில் அமைச்சராகப் பொன்னம்பலம் சேர்ந்தார். எங்கள் ஊரின் கதை இங்கேதான் தொடங்குகிறது.

அதுவரை யாழ்ப்பாணத்துக் குடும்பம் என்றால் தோட்டம், இல்லாவிட்டால் உத்தியோகம். கொழும்பிலோ மலாயாவிலோ ஒருவர் கிளாக்கராக இருப்பார். மாதக் கடைசியில் காசுக்கட்டளை வரும். படிக்காத பிள்ளைக்குச் சம்பள வேலை ஊரில் கிடையாது. பொன்னம்பலத்தின் அமைச்சு மூன்று தொழிற்சாலைகளைத் தமிழ்ப் பகுதிகளுக்குக் கொண்டுவந்தது. காங்கேசன்துறையில் சீமெந்து, பரந்தனில் இரசாயனம், வாழைச்சேனையில் கடதாசி. மூன்றும் அந்தந்த மண்ணில் கிடப்பதை வைத்துச் செய்தவை. எங்கள் காலடியில் சுண்ணக்கல். முருங்கனிலிருந்து களிமண் ரயிலில் வரும். ஆனையிறவு உப்பிலிருந்து பரந்தனில் கோஸ்டிக் சோடாவும் குளோரினும். மட்டக்களப்பு வயல்களின் வைக்கோலில் கடதாசி. கடதாசி செய்யக் கோஸ்டிக் சோடா வேண்டும். விஞ்ஞானம் படித்த ஒருவரின் கணக்கு அதில் தெரிகிறது என்றே நான் நினைக்கிறேன். சிலது அவர் பதவியை விட்ட பிறகுதான் உற்பத்திக்கு வந்தன. காங்கேசன்துறை முந்திக்கொண்டது, 1950இல்.

ஒரு விடயத்தை அப்பு சிரித்துக்கொண்டே சொல்லுவார். தொழிற்சாலை நின்றது பொன்னம்பலத்தின் தொகுதியில் அல்ல. காங்கேசன்துறை, அவரை விட்டுப் பிரிந்து போன எஸ்.ஜே.வி. செல்வநாயகத்தின் தொகுதி. 1952இல் அங்கே செல்வநாயகம் தோற்றார். வென்றவர் ஐக்கிய தேசியக் கட்சியின் நடேசன். வேலை கிடைத்த நன்றிதான் காரணம் என்பது அப்புவின் கட்சி. ஆனால் 1956இல் தனிச்சிங்களம் வந்தபோது அதே சனம் செல்வநாயகத்துக்கு வாக்களித்தது, அப்புவும்தான். சம்பளம் ஜீ.ஜீ. தந்தது, வாக்கு செல்வாவுக்கு. இதில் அவருக்குக் கூச்சமே இருக்கவில்லை.

பிரிவுக்கான காரணத்தை மட்டும் அப்பு வேகமாகக் கடந்துவிடுவார். மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த 1948 ஓகஸ்ட் சட்டத்தைப் பொன்னம்பலம் எதிர்த்தே வாக்களித்தார். அமைச்சரான பிறகு, அதே வருடம் டிசம்பரில் வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்துக்கு ஆதரவாக வாக்களித்தார். செல்வநாயகமும் வன்னியசிங்கமும் விலகினார்கள். அடுத்த வருடம் தமிழரசுக் கட்சி பிறந்தது. 1947இல் மலையகம் ஏழு பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. 1952இல் ஒருவர்கூட இல்லை.

இதன் கனம் எனக்கு விளங்கியது அறுபது வருடம் கழித்து. 1995 இடப்பெயர்வில் நாங்கள் வன்னிக்குப் போனோம். பரந்தனால் போகும்போது இரசாயனத் தொழிற்சாலையின் உடைந்த சுவர்களைக் காட்டி அப்பு பெருமூச்சு விட்டார். இரண்டு வருடத்தில் கிளிநொச்சிப் பக்கத்திலேயே செத்துப்போனார். 2009இல் செட்டிகுளம் முகாமில் பக்கத்துக் கூடாரத்தில் ஒரு ஆச்சி இருந்தா. 1977 கலவரத்தில் தோட்டத்திலிருந்து துரத்தப்பட்டு வன்னிக்கு வந்த குடும்பம். கடைசி நேரத்தில் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்திருந்தா. தன்னுடைய தகப்பன் ஒருமுறை வாக்குப் போட்டவர், பிறகு சாகும்வரை போடவில்லை என்று ஒரு நாள் தண்ணி வரிசையில் சொன்னா. எங்களுக்குச் சம்பளம் வந்த அதே வருடங்களில் அவர்களுக்கு நாடு போயிருக்கிறது. பொன்னம்பலம் அமைச்சரவையில் சேர்ந்ததால்தான் அந்தச் சட்டம் நிறைவேறியது என்று நான் சொல்லவில்லை. அவர் எதிர்த்திருந்தாலும் அது நிறைவேறியிருக்கும். ஆனால் அவருடைய கை உயர்ந்த பக்கம் எது என்பது எழுதப்பட்டுவிட்டது. அந்த ஆச்சியிடம் தொழிற்சாலைக் கதையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பதவியும் நிலைக்கவில்லை. 1953 ஹர்த்தாலுக்குப் பிறகு பிரதமரான சேர் ஜோன் கொத்தலாவலை அவரை அமைச்சரவையிலிருந்து நீக்கினார். 1956இல் யாழ்ப்பாணம் அவரைத் திரும்பவும் அனுப்பியது. 1960 மார்ச்சில் அல்பிரட் துரையப்பாவிடம் தோற்றார். துரையப்பா சந்தையிலும் தெருவிலும் ஆளோடு ஆளாகப் பழகியவர். பொன்னம்பலமோ கொழும்புப் பெரிய சட்டத்தரணி. தொழிற்சாலை தந்தவரைவிட, படலையடியில் வந்து நிற்பவரைத்தான் சனம் சில வேளைகளில் தேடுகிறது. 1965இல் மறுபடி வென்றார். 1970இல் மறுபடி தோற்றார்.

கடைசிக் காலத்தில் பழைய எதிரிகள் ஒன்றானார்கள். 1972இல் தமிழர் கூட்டணியில் காங்கிரசும் சேர்ந்தது. 1976இல் அமிர்தலிங்கம் முதலானோர் மீது ஜூரிகள் இல்லாமல் நடந்த விசேட நீதிமன்ற வழக்கில், 74 வயதில் பொன்னம்பலம் எதிரிகளுக்காக எழுந்து நின்றார். செல்வநாயகமும் அதே பக்கத்தில் இருந்தார். 1977 பெப்ரவரி 9 அன்று மலேசியாவில் பொன்னம்பலம் காலமானார். ஏப்ரலில் செல்வநாயகமும் போய்விட்டார். மகன் குமார் பொன்னம்பலம் 2000 ஜனவரியில் கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

பரந்தன் என்ற பெயர் இன்னும் இருக்கிறது, இறக்குமதி செய்த குளோரினை விற்கும் நிறுவனத்தின் பெயரில். ஊர் விடுபட்ட பிறகு நான் காங்கேசன்துறைக்குப் போனேன். தொழிற்சாலை வெறும் கோதாக நின்றது. இயந்திரங்கள் பழைய இரும்பாகப் போய்விட்டன என்று சொன்னார்கள். கல்லெடுத்த கிடங்குகளில் தண்ணி நிற்கிறது. அப்புவின் காணியில் அத்திவாரம் மட்டும் மிச்சம். வீட்டுத்திட்டக் காசில் சுவர் எழுப்ப மேசன் வந்து, எத்தனை பை சீமெந்து வேண்டும் என்று கணக்குப் போட்டுத் தந்தார். சுன்னாகத்துக் கடையில் வாங்கி, லான்ட்மாஸ்டரில் ஏற்றி வந்தேன். பைகளில் இருந்தது எனக்குத் தெரியாத ஒரு ஊரின் பெயர்.