யார் இந்த கோவிந்து? பூவுக்கே பெயர் தந்த ஓவியர்... அந்தப் பெயர் இப்போ எங்கே?

ஆம்பூர், வாணியம்பாடி, வேலூர் பக்கம் தோல் தொழில் தெரிஞ்சவங்களுக்கு ஆவாரம்பட்டையும் கடுக்காயும் புதுசு இல்லை. குரோம் முறை வருவதற்கு முன் தோலைப் பதப்படுத்தியது இவைதான். செடி மாறினால் சரக்கே கெட்டுவிடும். அதனால் 'இந்தச் செடி இதுதான்' என்று உறுதியாகச் சொல்வது முக்கியம். கேமரா இல்லாத காலத்தில் அதைச் செய்தது ஓவியர்களின் கை. அந்தக் கைகளில் இரண்டு, மெட்ராஸ் மாகாணத்தின் ரங்கையாவும் கோவிந்துவும்.

யாருக்காக வரைந்தார்கள்?

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மருத்துவர் ராபர்ட் வைட், கிழக்கிந்திய கம்பெனி வேலைக்காக 1819-ல் மெட்ராஸ் வந்தார். வைத்தியத்தை விட அவருக்குச் செடிகள் மேல்தான் ஆர்வம் அதிகம். தென்னிந்தியத் தாவரங்களைச் சேகரிக்கத் தொடங்கிய அவர், வரைவதற்கு உள்ளூர் ஓவியர்களை வேலைக்கு வைத்தார். 1820-களில் இருந்து சுமார் இருபது ஆண்டுகள் ரங்கையா வரைந்தார். அவருக்குப் பிறகு, 1840-களின் நடுவில் அந்த இடத்துக்கு வந்தவர் கோவிந்து. அப்போது வைட் கோவையில் பருத்தி சாகுபடி சோதனைகளைக் கவனித்து வந்தார்.

செடியைக் காய வைத்து அனுப்பினால் போதாதா?

போதாது. காய்ந்தால் பூவின் நிறம் போய்விடும், வடிவமும் நசுங்கிவிடும். பெயரைச் சொல்லி அனுப்பலாம் என்றால் ஒரே செடிக்கு ஊருக்கு ஒரு பெயர். நல்ல படம் ஒன்று இருந்தால், லண்டனில் இருப்பவரும் அதே செடியைப் பார்த்து அடையாளம் சொல்லலாம்.

அதனால் இது அழகுக்காக மட்டும் வரைந்த ஓவியம் இல்லை. கிளை, இலை, பூ, காய் என எல்லாம் ஒரே தாளில் இருக்கும். பூவைப் பிரித்து, மகரந்தத் தாள், சூலகம், விதை எல்லாவற்றையும் பெரிதாக்கி ஓரமாகக் காட்டியிருப்பார்கள். இலை நரம்பு ஒன்று தப்பினாலும் செடியின் அடையாளமே குழம்பிப் போகும்.

2,101 படங்கள்

இந்தப் படங்களை வைட் மெட்ராஸிலேயே கல் அச்சில் அச்சடித்தார். 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளாக வந்த அவரது பெரிய நூலில் மட்டும் 2,101 படங்கள். அவற்றில் ஏராளமானவை இந்த இருவரும் வரைந்தவை.

கம்பெனி காலத்து இந்திய ஓவியர்கள் பலர் பெயரில்லாமலே போனவர்கள். ஆனால் வைட் நூலில் படத்தின் அடியில், வரைந்தவர் யார் என்று சிறிய எழுத்தில் பெயர் இருக்கும். அதோடு நிற்காமல், ஒரு ஆர்க்கிட் பேரினத்துக்கே 'கோவிந்தூயா' என்று தன் ஓவியரின் பெயரை வைத்தார் வைட்.

அந்தப் பெயர் என்ன ஆனது?

அந்த ஆர்க்கிட், 1833-லேயே 'ட்ரோபிடியா' என்று பெயரிடப்பட்ட பேரினத்தைச் சேர்ந்தது என்று பின்னால் முடிவானது. முதலில் வைத்த பெயருக்கே முன்னுரிமை என்பது தாவரவியல் விதி. அதனால் கோவிந்துவின் பெயர் புழக்கத்தில் இருந்து விலகியது. வைட் பெயரைச் சுமக்கும் செடிகளோ இன்றும் நிறைய இருக்கின்றன.

வைட் 1853-ல் தாயகம் திரும்பி, 1872-ல் இறந்தார். அவர் வாழ்க்கை விரிவாகப் பதிவாகியிருக்கிறது. இரு ஓவியர்களும் எங்கே பிறந்தார்கள், எப்போது இறந்தார்கள் என்று எந்தக் குறிப்பும் எழுதி வைக்கப்படவில்லை.

அவர்கள் வரைந்த அசல் ஓவியங்கள் நூற்றுக்கணக்கில் எடின்பரோ தாவரவியல் பூங்காவில் பத்திரமாக உள்ளன. 2007-ல் அந்தப் பூங்காவின் ஆய்வாளர் ஹென்றி நோல்டி வெளியிட்ட மூன்று தொகுதி நூலுக்குப் பிறகுதான் இந்த இருவரும் பரவலாகத் தெரிய வந்தார்கள்.

வைட்டின் நூல் இப்போது இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. தாவர ஆய்வாளர்கள் இன்றும் சந்தேகம் வந்தால் அதைத் திறந்து பார்க்கிறார்கள். நீங்களும் பார்க்க நேர்ந்தால், பூவை ரசித்துவிட்டு, படத்தின் அடியில் இருக்கும் பெயரையும் படிச்சுப் பாருங்க.