கம்பியில்லாமல் ஒலித்த மணி

தாமிரவருணிப் பாசனத்தில் பிசான அறுவடை முடிந்ததும், அம்பாசமுத்திரத்தைச் சுற்றியுள்ள வயல்வெளிகள் சில வாரங்கள் வெறிச்சோடிக் கிடக்கும். கையில் ஒரு சிறு பெட்டியை வைத்துக்கொண்டு, நுரை அட்டையில் செய்த மாதிரி விமானத்தை வானில் வட்டமிடச் செய்ய விரும்பும் மாணவனுக்கு அதைவிட நல்ல மைதானம் இல்லை. வயலுக்கு மருந்து தெளிக்கும் ட்ரோனும் அதே தத்துவத்தில்தான் பறக்கிறது. பெட்டிக்கும் விமானத்துக்கும் இடையே கம்பி இல்லை, கயிறு இல்லை. விரல் அசைந்தால் இறக்கை அசைகிறது. இந்த வியப்பின் தொடக்கத்தைத் தேடிப் போனால், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கொல்கத்தாவில் ஒரு சிற்றறையில் உழைத்துக் கொண்டிருந்த இந்தியர் ஒருவரைச் சந்திப்போம். அவர் ஜகதீச சந்திர போஸ்.

இன்றைய வங்கதேசத்தில் உள்ள மைமன்சிங்கில் 1858 நவம்பர் 30-ஆம் நாள் போஸ் பிறந்தார். தந்தை பகவான் சந்திர போஸ், பிரம்ம சமாஜத்தைச் சேர்ந்தவர். அரசில் துணை மாஜிஸ்திரேட்டாக இருந்தவர். அந்தப் பதவியில் இருந்தவர்கள் தங்கள் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புவதே அக்கால வழக்கம். அவரோ மகனைத் தாய்மொழிப் பள்ளியில் சேர்த்தார். வகுப்பில் சிறுவனின் ஒரு பக்கம் தந்தையின் ஏவலாளரின் மகன். மறுபக்கம் மீனவர் ஒருவரின் மகன். பறவைகளையும் நீர்வாழ் உயிர்களையும் பற்றி அவர்கள் சொன்ன கதைகளே இயற்கையின் மீது தம் ஆர்வத்தைத் தூண்டியதாகப் போஸ் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். சிறைத் தண்டனை முடிந்து வெளிவந்த கொள்ளையன் ஒருவனுக்குத் தந்தை வேலை கொடுத்திருந்தார். சிறுவனைத் தோளில் சுமந்து பள்ளிக்குக் கொண்டுசென்றவன் அவன்தான்.

கொல்கத்தா புனித சவேரியார் கல்லூரியில் இயற்பியல் கற்பித்த லஃபோன் அடிகளார், செய்முறைச் சோதனைகளில் போஸுக்கு ஈடுபாட்டை ஏற்படுத்தினார். 1880-இல் மருத்துவம் படிக்க லண்டன் சென்றவரைக் காய்ச்சல் விடாமல் வாட்டியது. பிணவறை வாடை நோயை மேலும் வளர்க்க, மருத்துவத்தைக் கைவிட்டு கேம்பிரிட்ஜில் இயற்கை அறிவியல் பயின்றார். அங்கு ரேலி பிரபு அவருக்கு ஆசிரியராக வாய்த்தார்.

1885-இல் நாடு திரும்பி, கொல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராகச் சேர்ந்தார். அன்று ஐரோப்பியப் பேராசிரியர் பெறும் ஊதியத்தில் மூன்றில் இரண்டு பங்கே இந்தியருக்கு உண்டு. பணி தற்காலிகமானது என்று கூறி அதிலும் பாதியே போஸுக்கு நிர்ணயிக்கப்பட்டது. அவர் கூச்சலிடவில்லை, பணியை விடவுமில்லை. மூன்று ஆண்டுகள் ஒருநாளும் தவறாமல் பாடம் நடத்தினார். ஊதியத்தை மட்டும் தொடவில்லை. குடும்பமோ கடனில் இருந்தது. இறுதியில் நிர்வாகம் இறங்கி வந்து முழு ஊதியத்தையும் முன்தேதியிட்டு வழங்கியது. அந்தத் தொகை தந்தையின் கடனை அடைக்க உதவியது. அந்த இடைக்காலத்தில், 1887-இல், அவர் மணந்த அபலா தாஸ், மருத்துவம் பயில்வதற்காக 1882-இல் சென்னைக்கு வந்து, உடல்நலக் குறைவால் படிப்பைப் பாதியில் நிறுத்தியவர். பின்னாளில் வங்கப் பெண்களின் கல்விக்காகப் பெரும் பணி ஆற்றியவரும் அவரே.

மின்காந்த அலைகள் உண்டு என்று மேக்ஸ்வெல் கணக்கால் நிறுவியதை, 1887 - 88-ஆம் ஆண்டுகளில் ஹெர்ட்ஸ் சோதனையால் மெய்ப்பித்திருந்தார். 1894-இல் அதுபற்றிய ஆலிவர் லாட்ஜின் எழுத்தைப் படித்த போஸ், தமது 36-ஆவது பிறந்த நாளில் ஆராய்ச்சியே இனித் தம் வாழ்வு என உறுதி பூண்டார். கல்லூரியில் முறையான ஆய்வுக்கூடம் கிடையாது. ஒரு சிறிய அறையும், அவர் சொல்லச் சொல்லக் கருவி செய்து கொடுத்த உள்ளூர்த் தகரத் தொழிலாளி ஒருவருமே அவருக்கு வாய்த்தவை.

ஹெர்ட்ஸ் கையாண்ட அலைகள் நீளமானவை. அவற்றை ஆராயப் பெரிய கூடமும் பெரிய கருவிகளும் வேண்டும். சிற்றறையில் உழைத்த போஸ் அலையையே சுருக்கினார். 5 மில்லிமீட்டர் வரை குறுகிய அலைகளை உண்டாக்கி, மேசை மேல் அடங்கும் கருவிகளால் அவற்றின் குணங்களை அளந்தார். இன்று மைக்ரோ அலை, மில்லிமீட்டர் அலை என்று அழைக்கப்படுபவை இவையே. அலையைப் பரப்பும் கருவியை உலோகப் பெட்டிக்குள் அடைத்து, வேண்டாத அலைகள் கசிந்து ஏற்பியைக் குழப்பாதபடி பார்த்துக்கொண்டார். உலோகத் தூள் நிரப்பிய அக்கால ஏற்பிகள் நம்பகமற்றவை என்று கண்டு, நுண்ணிய எஃகுச் சுருள்களை வரிசையாக அமைத்து, அவற்றின் அழுத்தத்தைத் திருகால் கூட்டிக் குறைக்கும் ஏற்பியை உருவாக்கினார்.

1895-இல் கொல்கத்தா நகர மண்டபத்தில் அந்தச் சோதனையை மக்கள் முன் நடத்திக் காட்டினார். பரப்பியிலிருந்து புறப்பட்ட அலை, வங்காளத்தின் லெப்டினன்ட் கவர்னருடைய உடலையும் இடையில் இருந்த சுவர்களையும் கடந்து, ஏறத்தாழ 75 அடி தொலைவில் வைத்திருந்த ஏற்பியைச் சென்றடைந்தது. அங்கே ஒரு மணி ஒலித்தது, வெடிமருந்து பற்றிக்கொண்டது. கம்பித் தொடர்பு ஏதுமின்றி, தொலைவில் உள்ள ஒரு பொருளை இயங்க வைக்கும் கலை கருக்கொண்ட காலம் அது.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1898-இல், நியூயார்க் மேடிசன் சதுக்க அரங்கில் நடந்த மின்பொருள் கண்காட்சியில் நிகோலா டெஸ்லா ஒரு சிறு படகைத் தண்ணீரில் மிதக்கவிட்டு வானொலி அலையால் அதைத் திருப்பிக் காட்டினார். அதற்கு அந்த ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் காப்புரிமையும் பெற்றார். இன்றைய மாதிரிப் படகு, மாதிரி விமானம், ட்ரோன் அனைத்தும் அந்தப் படகின் வழித்தோன்றல்கள். ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. அக்கால ஏற்பி, அலை எங்கிருந்து வந்தாலும் விழித்துக்கொள்ளும். தன் எஜமானனின் குரலையும் வழிப்போக்கனின் குரலையும் அதற்குப் பிரித்தறியத் தெரியாது. இரு வேறு அலைகள் சேர்ந்து வந்தால் மட்டுமே கருவி கீழ்ப்படியும் ஏற்பாட்டை டெஸ்லா பின்னர் வகுத்தார். இன்று பரப்பிக்கும் ஏற்பிக்கும் இடையே தனி அடையாளம் பதிக்கும் இணைப்பு முறை அந்தக் கவலைக்கான விடைதான்.

போஸின் வாழ்க்கைக்குத் திரும்புவோம். 1896-இல் லண்டன் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் வழங்கியது. 1897 ஜனவரியில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் தம் கருவிகளுடன் உரையாற்றினார். இரும்பும் பாதரசமும் கொண்ட ஏற்பி குறித்து 1899-இல் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். 1901-இல் மார்க்கோனி அட்லாண்டிக் கடலைத் தாண்டிவந்த சமிக்ஞையைப் பெறப் பயன்படுத்திய பாதரச ஏற்பிக்கு இதுவே மூலம் எனப் பிற்கால ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டியுள்ளனர். கண்டுபிடிப்பைக் காசாக்க மனமில்லாத போஸ், சகோதரி நிவேதிதையும் சாரா புல் அம்மையாரும் வற்புறுத்திய பின்னரே அமெரிக்கக் காப்புரிமைக்கு இசைந்தார். கலீனா படிக ஏற்பிக்கு 1904-இல் அது கிடைத்தது. அதைக் கொண்டு பொருளீட்ட அவர் முனையவே இல்லை. அறிவு பொதுச்சொத்து என்ற அவரது கொள்கை உயர்ந்தது; ஆயினும், உரிமையைப் பதிவு செய்யாதவர் பெயர் வரலாற்றில் பின்னுக்குத் தள்ளப்படும் என்பதற்கும் அவர் வாழ்வே சான்றாகிவிட்டது.

பின்னர் அவர் தாவரங்களின் பக்கம் திரும்பினார். செடியின் வளர்ச்சியைப் பத்தாயிரம் மடங்கு பெருக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் கருவியை உருவாக்கினார். அவரது முடிவுகள் சிலவற்றை மேலை அறிஞர்கள் ஏற்கத் தயங்கினர். 1917-இல் தமது பிறந்த நாளன்றே கொல்கத்தாவில் போஸ் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். 1920-இல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்றது. 1937 நவம்பர் 23-ஆம் நாள் கிரீடியில் மறைந்தார்.

அவருடைய ஆய்வில் ஒரு பகுதி, வயல்வெளியில் விமானம் பறக்கவிடும் மாணவனுக்கு நேரடியாகவே பயன்படும். மின்காந்த அலைக்கு அதிர்வுத் திசை உண்டு; அதைத் தளவிளைவு என்பர். பக்கங்களுக்கிடையே ஈயத்தாள் செருகிய ரயில் கால அட்டவணைப் புத்தகத்தையும், முறுக்கிய சணல் நாரையும் கொண்டே போஸ் அதனை விளக்கிக் காட்டினார். பரப்பியின் ஆண்டெனாவும் ஏற்பியின் ஆண்டெனாவும் ஒன்றுக்கொன்று குறுக்காக நின்றால் சமிக்ஞை மெலிந்துவிடும். ஏற்பியின் இரு ஆண்டெனாக் கம்பிகளை ஒன்றுக்கொன்று செங்குத்தாகப் பொருத்தச் சொல்வது இதனால்தான். ஆண்டெனாவின் நுனியை விமானத்தை நோக்கி நீட்டக் கூடாது என்பதற்கும் காரணம் உண்டு. நுனித் திசையில் அலை மிகக் குறைவாகவே பரவும். இன்று இக்கருவிகள் பெரும்பாலும் இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸில் அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர். ஈரமான இலைகளும் மனித உடலும் அதை உறிஞ்சும். எனவே தென்னந்தோப்புக்குப் பின்னால் விமானத்தை மறையவிடுவது, கட்டுப்பாட்டை நாமே கைவிடுவதற்குச் சமம்.

மற்றவை எளிய ஒழுங்குகள். முதலில் பரப்பியை இயக்கி, பிறகே விமானத்தின் பேட்டரியை இணைக்க வேண்டும்; அணைக்கும்போது இதன் வரிசை மாற வேண்டும். வீட்டு மேசையில் சரிபார்க்கும்போது சுழல்விசிறியைக் கழற்றிவிட வேண்டும். பறக்கும் முன் ஒவ்வொரு இறக்கை மடலும் விரல் சொன்ன பக்கமே திரும்புகிறதா என்று பார்த்து, பரப்பியின் திறனைக் குறைத்து வைத்துத் தொலைவுச் சோதனை செய்ய வேண்டும். தொடர்பு அறுந்தால் மோட்டார் தானே நிற்கும்படி முன்கூட்டியே அமைத்திருக்க வேண்டும். களையெடுக்கும் பெண்களின் தலைக்கு மேலோ, வாய்க்கால் கரையில் குளிப்போர் மேலோ ஒருபோதும் பறக்கவிடக் கூடாது. ஒரு நொடி தொடர்பு அறுந்தாலும், விழப்போவது சுழலும் விசிறியோடு கூடிய ஒரு பொருள். மேற்கே புலிகள் காப்பகம் தொடங்குகிறது. வனத்துறை அனுமதியின்றி அதன் மேல் செல்லக் கூடாது. 2021-ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள் வான்பரப்பைப் பச்சை, மஞ்சள், சிவப்பு எனப் பிரித்துள்ளதால், பறக்கவிடும் முன் அந்த வரைபடத்தையும் பார்த்துவிட வேண்டும்.

இவற்றைச் சொல்லிக்கொடுக்க நம் பள்ளிகளில் தனிப் பாடவேளை வேண்டியதில்லை. இயற்பியல் வகுப்பில் மின்காந்த அலை நடத்தப்படும் நாளில், போஸின் புத்தகச் சோதனையைச் செய்துகாட்டி, மாணவரை வயலுக்கு அழைத்துச் சென்று ஒரு விமானத்தைப் பறக்கவிட்டால் போதும். அம்பை 16 நெல்லைத் தந்த ஆராய்ச்சி நிலையம் உள்ள ஊருக்கு, அலையையும் செடியையும் ஒருசேர ஆராய்ந்த அறிஞர் அந்நியர் அல்லர்.

தொலைவிலிருந்து செய்யும் செயலுக்குப் பொறுப்பும் தொலைவாகிவிடுவதில்லை. ஊதியமின்றி மூன்று ஆண்டுகள் கடமை தவறாத ஒருவர் நமக்களித்த அலை அது. அதைக் கையில் எடுக்கும் இளைஞர், அவரது அறிவோடு அவரது ஒழுங்கையும் சேர்த்தே எடுத்துக்கொள்ள வேண்டும்.