மரங்கொத்திக்காக வாதாடிய ஆசிரியர்

குழந்தைகளே! மரத்தைக் கொத்தித் துளை போடும் மரங்கொத்தி, மரத்துக்கு நண்பனா, எதிரியா? இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இதற்கு விடை கண்டவர் அலெக்சாண்டர் வில்சன்.

இவர் 1766-ஆம் ஆண்டு ஜூலை 6 அன்று ஸ்காட்லாந்து நாட்டின் பெய்ஸ்லி நகரில் பிறந்தார். சிறு வயதிலேயே தறியில் உட்கார்ந்தார். 1794-இல் பிழைப்புத் தேடி அமெரிக்கா சென்று, பள்ளி ஆசிரியரானார். அண்டை வீட்டு இயற்கை அறிஞர் வில்லியம் பார்ட்ரம் தந்த ஊக்கத்தால் பறவைகளை வரையத் தொடங்கினார். அமெரிக்கப் பறவைகளைப் பற்றிய இவரது நூலின் முதல் தொகுதி 1808-இல் வெளிவந்தது.

அந்தக் காலத்தில் பறவைகளைச் சுட்டுப் பிடித்துத்தான் ஆராய்வார்கள். 1809-இல் வில்மிங்டன் ஊருக்கு அருகே, தந்த அலகு மரங்கொத்தி ஒன்றை வில்சன் சுட்டார். சிறகில் லேசான காயம்தான். யானைத் தந்தம் போன்ற வெள்ளை அலகும், சிவந்த கொண்டையும், முதுகில் தெரியும் வெள்ளையும் ஆண் பறவையின் அடையாளங்கள். வழியெல்லாம் அது கைக்குழந்தை போல வீறிட்டு அழுதது. ஊரார் திகைத்தனர்!

விடுதி அறையில் அதை விட்டுவிட்டு, குதிரையைக் கவனிக்கப் போனார். ஒரு மணி நேரத்துக்குள் திரும்பினால், கட்டில் முழுக்கச் சுவரின் காரை! சுவரில் பெரிய ஓட்டை! பிறகு காலில் கயிறு கட்டி மேசையோடு பிணைத்தார். இரை தேடிவிட்டு வருவதற்குள் மேசையையும் பாழாக்கிவிட்டது. வரையும்போது அவர் கையையும் கொத்திக் கிழித்தது. அதன் வீரத்தைக் கண்டு காட்டிலேயே விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தார். ஆனால், எதையும் உண்ணாமல் மூன்றாம் நாள் அது இறந்தது. வில்சன் மிகவும் வருந்தினார்.

மரங்கொத்திகள் மரங்களைக் கெடுக்கின்றன என்று அன்று பலர் குறை கூறினர். வில்சன் மறுத்தார். பூச்சி அரித்த மரங்களையே அவை நாடுகின்றன. பட்டைக்குள் இருக்கும் புழுக்களைத் தின்கின்றன என்று விளக்கினார். ஜார்ஜ்டவுன் அருகே ஒரு பைன் காட்டில் நூற்றுக்குத் தொண்ணூறு மரங்கள் பூச்சியால் அழிந்ததைச் சான்றாகக் காட்டினார்.

1813-ஆம் ஆண்டு ஆகஸ்டு 23 அன்று, 47 வயதில் வில்சன் காலமானார். மீதித் தொகுதிகளை நண்பர் ஜார்ஜ் ஆர்ட் வெளியிட்டார். மொத்தம் ஒன்பது தொகுதிகள்! அமெரிக்கப் பறவையியலின் தந்தை என்று வில்சனைப் போற்றுகின்றனர்.

காடுகள் வெட்டப்பட்டதால் தந்த அலகு மரங்கொத்தியும் அருகிப்போனது. எல்லோரும் ஏற்கும்படி அது கடைசியாகக் காணப்பட்டது 1944-இல். வில்சன் வரைந்த படம் மட்டும் இன்றும் இருக்கிறது. பறவைக்கு மரம் வேண்டும். மரத்துக்கும் பறவை வேண்டும். மறக்காதீர்கள், செல்லங்களே!