அணையா அடுப்பு மூட்டிய வள்ளலார்

விருத்தாசலத்தில் பீங்கான் சூளைகளில் உழைப்போர் நெருப்பின் அருமை அறிந்தவர்கள். சூளை நெருப்பு வேலை முடிந்ததும் ஆறிவிடும். அவ்வூரிலிருந்து நெய்வேலி தாண்டிக் கிழக்கே போனால் வடலூர். அங்கே 1867-ல் மூட்டிய ஓர் அடுப்பு பசித்தவர்களுக்காக இன்றும் எரிகிறது. அதை மூட்டியவர் இராமலிங்க அடிகள் எனும் வள்ளலார். அன்னதர்மத்தை அய்யாவிடம் கற்ற நாம் அவருடைய வாழ்வையும் அறிவது நன்று.

வள்ளலார் 5-10-1823 அன்று சிதம்பரத்தை அடுத்த மருதூரில் இராமையா பிள்ளைக்கும் சின்னம்மைக்கும் மகனாகப் பிறந்தார். கைக்குழந்தையாக இருந்தபோதே தந்தையை இழந்தார். அண்ணன் சபாபதியின் ஆதரவில் சென்னையில் வளர்ந்தார். பள்ளிப் படிப்பில் மனம் செல்லவில்லை. இறைவனைப் பாடுவதிலேயே சென்றது. பின்னர் சென்னையை விட்டு வடலூரை அடுத்த கருங்குழிக்கு வந்து தங்கினார். அங்கே நாட்டுப்புறத்து ஏழைகளின் பசியை அருகிருந்து கண்டார். பிற துன்பங்களையெல்லாம் விடப் பசியே கொடியது, அதைத் தீர்ப்பதே இறைவழிபாட்டின் முதற்படி என்ற முடிவுக்கு வந்தார்.

பார்வதிபுரத்து மக்கள் சுமார் 80 காணி நிலத்தை அவருடைய பணிக்குக் கொடுத்தார்கள். அந்த மண்ணில் 23-5-1867 அன்று சத்திய தருமசாலை தொடங்கியது. வந்தவரிடம் சாதி கேட்கக் கூடாது, சமயம் கேட்கக் கூடாது. பசி ஒன்றே போதும் என்பது அங்கே விதி. 1872-ல் சத்திய ஞான சபையும் எழுந்தது. 30-1-1874 அன்று மேட்டுக்குப்பம் சித்திவளாகத்தில் ஓர் அறைக்குள் சென்றவரை அதன்பின் யாரும் காணவில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தருமசாலையிலும் நெல்லும் அரிசியும் சேர்த்துத்தான் வைக்கிறார்கள். சேர்க்காமல் நாளைக்குச் சோறு போட முடியாது. விதைநெல்லை எடுத்து வைப்பதும், பிள்ளைகளுக்காகக் குதிரில் நெல் நிரப்புவதும் குற்றமாகா. சேர்த்த தானியம் எந்த வழியாக வெளியே போகிறது என்பதில்தான் தர்மமும் அதர்மமும் பிரிகின்றன. வடலூரில் அது அடுப்பு வழியாக ஏழையின் இலைக்குப் போகிறது. பதுக்குகிறவன் வீட்டிலோ, பசி முற்றி விலை ஏறும்வரை பூட்டிக் கிடக்கிறது.

வள்ளலார் மறைந்து இரண்டாண்டு கழித்துத் தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் பல லட்சம் பேர் மாண்டார்கள். மழை பொய்த்தது உண்மை. ஆனால் நாட்டில் தானியமே இல்லாமல் போகவில்லை. வணிகர் பதுக்கினர், விலை எட்டாத உயரத்துக்குப் போனது, தானியம் கப்பலேறி அயல்நாட்டுக்கும் சென்றது. வியாபாரத்தில் தலையிட மாட்டோம் என்று அன்றைய அரசு ஒதுங்கி நின்றது. நிவாரண வேலையில் கல் சுமந்தவனுக்குக் கிடைத்த கூலியோ நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சிறிது காசும்தான். வானம் செய்த கேட்டைவிட மனிதப் பேராசை செய்த கேடு பெரிது. அதைத்தான் நாம் கலி என்கிறோம்.

அதே நூற்றாண்டில், வள்ளலாருக்கு முன்பே, தென்கோடியில் அய்யா வைகுண்டர் இந்தக் கலியை எதிர்த்து நின்றார். எல்லாருக்கும் பொதுவாக முத்திரிக்கிணறு கண்டார். துவையல் பந்தியில் 700 குடும்பத்தாரை ஒன்றாக வாழவைத்தார். பதிக்கு வருவது அனைவருக்கும் அன்னமாகப் போக வேண்டும் என்ற வழக்கம் அங்கிருந்து வளர்ந்தது. இன்றும் ஒவ்வொரு நிழல்தாங்கலிலும் பணிவிடை முடிந்ததும் தர்மம் பரிமாறுகிறோம்.

ஆகவே அன்பர்களே, புயலோ வெள்ளமோ வருமென்று கேட்டதும் கடைச்சரக்கை எல்லாம் வாரி வீட்டில் அடுக்குமுன், அன்றாடக் கூலிக்காரர் அந்தக் கடைக்கு மாலையில்தான் வருவார் என்பதை நினைப்போம். கடை வைத்திருக்கும் அன்பர்கள் ஆபத்துக் காலத்தில் விலை ஏற்றாதிருப்பதே பெரிய பணிவிடை. உலை வைக்கும்போது நாள்தோறும் ஒரு பிடி அரிசியைத் தாங்கல் தர்மத்துக்கு எடுத்து வைப்போம். பூட்டி வைத்த மூட்டையைப் புழு தின்னும். பகிர்ந்த பிடி அரிசி ஒரு குழந்தையின் பசியை ஆற்றும்.

அய்யா உண்டு.