கக்ஸ்ரனும் ஒலியில்லா ஓரெழுத்தும்

ஆங்கிலத்திலே பேயைக் குறிக்கும் ‘கோஸ்ற்’ என்னுஞ் சொல்லில் ‘எச்’ என்பது இரண்டாம் எழுத்தாய் நிற்கின்றது. வாய் அதனை ஒலிப்பதில்லை. கை அதனை எழுதாதுவிடின் பிழையாகின்றது. தமிழ் கற்பிக்கும் யான் ஆங்கிலச் சொல்லொன்றைப் பற்றி எழுதப் புகுந்தமைக்கு, அவ்வெழுத்தின் பின்னே மறைந்து நிற்கும் ஒருவரின் வாழ்க்கையே காரணமாகும். அவர்தாம் இங்கிலாந்திலே முதன்முதல் அச்சுக்கூடம் நிறுவிய வில்லியம் கக்ஸ்ரன்.

கக்ஸ்ரன் 1420ஆம் ஆண்டளவில் கென்ற் நாட்டுப்புறத்திலே பிறந்தார். 1438இல் இலண்டன் மாநகரிலே றொபேட் லார்ஜ் என்னுந் துணி வணிகரிடந் தொழில் பயிலச் சேர்ந்தார். 1441இல் அவ்வணிகர் இறந்தபின் கடல்கடந்து புறூஜ் நகரடைந்தார். ஏறக்குறைய முப்பதாண்டுகள் அப்பகுதியிலே வாழ்ந்து, ஆங்கில வணிகர் குழுவுக்குத் தலைவராகவும் உயர்ந்தார். பொருளும் புகழும் எய்திய அவர் அவ்வளவில் அமைந்திருக்கலாம். தமிழ்ப் பண்டிதனொருவன் அவரை நினைக்க வேண்டிய தேவையும் எழுந்திராது.

ஆயின், 1469இல் திறோய் நகரக் கதையைப் பிரெஞ்சு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் பெயர்க்கத் தொடங்கினார். சில பகுதிகளை எழுதியபின் தம் ஆற்றலில் ஐயுற்று நிறுத்திவிட்டார். பேகண்டிக் கோமகள் மாக்கிறற் அவ்வெழுத்தைப் பார்வையிட்டுத் திருத்தங் கூறி, நூலை முடிக்குமாறு பணித்தார். 1471இல் கொலோன் நகரிலே நூல் நிறைவெய்திற்று. அதனை விரும்பிக் கேட்டோர் பலர். பிரதி செய்யுங் கையோ ஒன்று. கை சோர்ந்தது; கண்ணொளி மங்கியது. ஐம்பது வயதை அணுகிய அவ்வணிகர் அந்நிலையிலே புதிய தொழிலொன்றைக் கற்கத் துணிந்தார். கொலோனிலே அச்சுக்கலை பயின்று, புறூஜிலே அந்நூலை அச்சேற்றினார். ஆங்கில மொழியில் முதன்முதல் அச்சான நூல் அதுவே.

1476இல் தாய்நாடு திரும்பி வெஸ்ற்மினிஸ்ரரிலே அச்சுக்கூடம் அமைத்தார். சோசரின் கன்ரபெரிக் கதைகளை அச்சிட்டார். தம் தந்தையார் வைத்திருந்த கையெழுத்துப் பிரதியினின்றும் அது வேறுபடுகின்றதென வாசகரொருவர் குறைகூறினார். கக்ஸ்ரன் சினந்தாரல்லர், அப்பிரதியைப் பெற்று ஒப்புநோக்கித் திருத்திய பதிப்பொன்றை 1483ஆம் ஆண்டளவில் வெளியிட்டார். ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கி உழைத்தோர் இச்செயலின் அருமையை நன்கறிவர்.

அவரை வருத்திய பெருஞ்சிக்கல் பிறிதொன்றுண்டு. அக்காலத்தில் ஊருக்கு ஊர் சொல் வேறுபட்டது. கைக்குக் கை எழுத்து வேறுபட்டது. 1490இல் வெளியிட்ட நூலொன்றின் முன்னுரையிலே, காற்றின்றித் தேம்ஸ் நதியிலே தங்கிய வணிகரின் கதையொன்றைக் கூறுகின்றார். கரையிறங்கிய வணிகரொருவர் இல்லக்கிழத்தி ஒருத்தியிடம் முட்டை வேண்டி ‘எக்ஸ்’ என்றார். அவளோ தனக்குப் பிரெஞ்சு தெரியாதென்றாள். தாமும் பிரெஞ்சு அறியாத வணிகர் வெகுண்டார். மற்றொருவர் ‘ஐறன்’ என்று கேட்டபின்னரே அவளுக்கு விளங்கிற்று. இரண்டும் முட்டையே. எதனை அச்சிடுவது? முட்டைக்கே இந்நிலையாயின் நூலொன்றின் பல்லாயிரஞ் சொற்களுக்கு யாது செய்வது? தலைநகர வழக்கை ஒட்டிச் செல்வதன்றி அவருக்கு வேறு வழி இருக்கவில்லை.

‘கோஸ்ற்’ என்னுஞ் சொல்லுக்கும் அவர் காலத்துக்கு முன்னர் ‘எச்’ இல்லை. பிளெமிய மொழியில் அதற்கு இனமான சொல் ‘எச்’ பெற்று வழங்கியது. கக்ஸ்ரன் அம்மொழி வழங்கிய நாட்டிலே நெடுங்காலம் வாழ்ந்தவர். அவருடைய உதவியாளருள்ளும் அப்பகுதியிலிருந்து வந்தோர் இருந்தனர். அப்பழக்கமே அச்சுக்கோப்பிற் புகுந்ததென அறிஞர் கருதுவர். வாத்து, ஆடு முதலியவற்றின் பெயர்களும் அவ்வாறே ‘எச்’ பெற்றன, அவை நிலைக்கவில்லை. பேய்க்கு வந்த எழுத்து மட்டும் பதினாறாம் நூற்றாண்டின் இறுதியளவில் வேரூன்றிவிட்டது.

1491ஆம் ஆண்டளவிலே கக்ஸ்ரன் காலமானார். அச்சுக்கூடத்தை அவருடைய உதவியாளர் விங்கின் டி வேட் தொடர்ந்து நடத்தினார். மொழியின் நிலையாமைக்கு வருந்திய ஒருவரின் கூடத்திலிருந்தே காரணமற்ற ஓரெழுத்து நிலைபேறு பெற்றமை வியப்பன்றோ! ஆயினும் அதுபற்றி அவரைப் பழித்தல் தகாது. கையால் எழுதிய பிழை அப்பிரதியோடு அழிதலுங் கூடும். அச்சேறியதோ பிரதிகள்தோறும் பரவி, வழிவழியாக வழக்காகிவிடுகின்றது. அச்சுக்கு எழுத்துத் தருவோரும் மாணாக்கர் ஏட்டைத் திருத்துவோரும் கருத்திற் கொள்ளற்பாலது இதுவே.