நன்னீர் காத்த நாவலன்

புலமையும் அரசும் ஒருவரிடத்தே பொருந்துதல் அரிது. மெக்சிக்கோவின் தெசுக்கோகோ நகரில் 1402ஆம் ஆண்டு தோன்றிய நெசவால்கோயோத்தில் அத்தகைய வேந்தன். 1418இல் பகைவர் தந்தையைக் கொல்ல, நாடிழந்து அலைந்தான். 1428இல் தெனோச்தித்லான் நகரத்தாரோடு கூடிப் பகை வென்று, 1431இல் முடிசூடினான்.

நிலையாமை கூறும் பாடல்கள் பல அவன் பெயரால் வழங்குகின்றன. அவை அவன் பாடியனவோ என ஆய்வாளர் சிலர் ஐயுறுவர். யான் அவன் பெருமையை நீரிலே காண்கின்றேன். 1449இல் தெனோச்தித்லானை வெள்ளம் சூழ்ந்தது. அதன்பின் அவன் வகுத்தவாறு ஏரியின் குறுக்கே ஏறத்தாழ 10 மைல் நீளமான அணை எழுந்தது. அது உவர்நீரைத் தடுத்து நன்னீரைக் காத்தது. ஏரிச்சேற்றால் அமைத்த வயல்களில் உழவர் மக்காச்சோளம் விளைத்தனர்.

1472இல் மன்னன் மறைந்தான். 1521இல் ஸ்பானியர் அணையை உடைத்தனர். நிலையாமையைப் பாடினான் என்று அவனைப் போற்றுவார் பலர். அதனை அறிந்தும் பிறர் வாழ அணை கட்டினானே. அதற்காகவே யான் போற்றுகின்றேன்.