வீடு வீடாகத் தேடி வந்த மேய்ப்பர்



ஞாயிறு திருப்பலி வேளையில் உங்கள் ஆலயத்தின் வெளிவாசலை ஒருமுறை திரும்பிப் பாருங்கள். சுவரோரம் சாய்ந்தும் மரநிழலில் ஒதுங்கியும் சில இளையோர் நிற்பார்கள். தொழில் தேடி ஊர் மாறி வந்தவர், மொழி புரியாதவர், உள்ளே சென்றால் யார் அருகில் அமர்வது என்று அறியாதவர் என அவர்களுள் பலர் இருப்பார்கள். பக்தி குறைந்துவிட்டது என்று அவர்களைக் கடிந்துகொள்வது எளிது. அதற்கு முன்பு, இலங்கையின் திருத்தூதர் எனப் போற்றப்படும் புனித யோசப் வாஸ் அடிகளாரின் வாழ்வைச் சற்று எண்ணிப் பாருங்கள்.

அடிகளார் 1651ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் கோவாவின் பெனாவுலிம் ஊரில் பிறந்து, 1676இல் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அக்காலத்தில் நம் நாட்டுக் கத்தோலிக்கரின் நிலை பரிதாபத்துக்குரியதாய் இருந்தது. 1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் வசமானது. குருமார் வெளியேற்றப்பட்டனர், ஆலயங்கள் பறிக்கப்பட்டன. அவ்வாண்டில் பிறந்த ஒரு குழந்தை, அடிகளார் 1687இல் இங்கு வந்தபோது இருபத்தொன்பது வயதை எட்டியிருக்கும். திருப்பலி என்பதைத் தாய் சொல்லக் கேட்டிருக்குமேயன்றிக் கண்ணால் கண்டிருக்காது. ஒரு தலைமுறையே தன் இல்லம் எதுவென்று அறியாமல் வளர்ந்திருந்தது.

அவர்களை எவ்வாறு கண்டுபிடிப்பது? மணியடித்து அழைக்க ஆலயம் இல்லை. பெயர் சொல்லிக் கேட்டால் காட்டிக்கொடுக்கப்படும் ஆபத்து இருந்தது. ஆகவே அடிகளார் பிச்சைக்காரர் கோலம் பூண்டார். யோவான் என்னும் பணியாளர் துணைவர, கழுத்தில் செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகச் சென்றார். அம்மாலையைக் கண்டு யாருடைய முகம் மலர்கின்றது என்று கவனிப்பதே அவர் கையாண்ட வழி. கொடிய நோயில் விழுந்து கிடந்தபோது ஒரு பெண்மணி கொண்டுவந்து கொடுத்த கஞ்சியே அவரை உயிர் பிழைக்கச் செய்தது. பின்னர் சில்லாலை மக்கள் அவருக்கு அடைக்கலம் தந்தனர். இரவுகளில் வீடுகளுக்குள்ளே திருப்பலி நிறைவேறியது. 1689ஆம் ஆண்டு நத்தார் இரவில் ஒல்லாந்தர் படை வளைத்துக்கொண்டபோது, அடிகளார் தப்பினார். மக்களோ பிடிபட்டுத் துன்புற்றனர்.

அடுத்து அவர் புத்தளம் வழியாகக் கண்டி இராச்சியத்தை நோக்கிச் சென்றார். 1692இல் அங்கு சேர்ந்ததும் போர்த்துக்கேயரின் உளவாளி என்ற ஐயத்தில் காவலில் வைக்கப்பட்டார். காவலிலும் அவர் செபத்தை விடவில்லை. காலம் செல்லச் செல்ல, இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் அவரது தூய வாழ்வைக் கண்டு உள்ளம் மாறினான். அதன்பின் மலைநாட்டின் பாதைகள் அடிகளாரின் கால்களுக்குத் திறந்தன.

மாத்தளை மாவட்டத்தின் கலேவெலவுக்கு அருகே வஹாகோட்டை என்னும் ஊர் உண்டு. கண்டி மன்னர்களிடம் சிறைப்பட்டு அங்கு குடியமர்த்தப்பட்ட போர்த்துக்கேயரின் வழிவந்தோர், தங்கள் நம்பிக்கையைக் காத்து வந்தனர் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. இன்று புனித அந்தோனியார் திருத்தலம் அமைந்து, தமிழரும் சிங்களவருமாகத் திருயாத்திரிகர் திரளும் இடம் அதுவே. காட்டு நடுவே, மேய்ப்பர் இல்லாத ஒரு சிறு கூட்டம் எவ்வாறு சிதறாமல் நின்றது? ஒருவர் மற்றவரைத் தெரிந்துவைத்திருந்ததால் அன்றோ!

இந்த உண்மையையே அடிகளார் தம் பணியின் அடித்தளமாக்கினார். எல்லா ஊர்களிலும் அவரால் தங்கியிருக்க இயலாது. ஆகவே ஊர்தோறும் மூப்பரையும் அண்ணாவியாரையும் ஏற்படுத்தினார். மூப்பர் இறைமக்களைக் கூட்டி அவர்களின் நலன்களைக் கவனித்தார். அண்ணாவியார் சிறுவருக்கு மறைக்கல்வி புகட்டி, செபங்களை நடத்தினார். குரு வராத ஞாயிறுகளிலும் மக்கள் கூடினர். அடிகளார் தமிழையும் சிங்களத்தையும் கற்று, அவரவர் மொழியிலேயே செபிக்கச் செய்தார். 1705இல் அவரோடு இணைந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் இரு மொழிகளிலும் நூல்கள் இயற்றி அப்பணியை வளர்த்தார். வந்து கேட்டுச் செல்வோராக மட்டும் இருந்த மக்கள், திருச்சபையைத் தாங்கும் தூண்களாயினர். பொறுப்பைக் கொடுத்ததனாலேயே உரிமையும் பிறந்தது.

1697இல் கண்டியைப் பெரியம்மை தாக்கியது. மன்னன் நகரை விட்டு நீங்கினான். நோயுற்றோரைச் சொந்த உறவினரே காட்டில் விட்டுச் சென்றனர். அடிகளாரோ தம் உடன்பணியாளரான யோசப் கார்வாலோ அடிகளாரோடு அவர்களைத் தேடிச் சென்று, குடில் அமைத்து, புண்களைக் கழுவி, உணவூட்டினார். எந்தச் சமயத்தவர் என்று அவர் கேட்கவில்லை. கைவிடப்பட்டோர் அனைவரும் அவருக்குச் சொந்தமாயினர்.

உழைத்துத் தளர்ந்த அவ்வுடல் 1711ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் கண்டியில் ஓய்வடைந்தது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1995இல் கொழும்பில் அவரை அருளாளராகவும், திருத்தந்தை பிரான்சிஸ் 2015 ஜனவரி 14ஆம் நாள் காலிமுகத்திடலில் புனிதராகவும் உயர்த்தினர்.

அன்பார்ந்த பெற்றோரே, பங்கின் பெரியோரே! இன்று நம்மிடம் ஆலயம் இருக்கின்றது, மணியும் ஒலிக்கின்றது, தடுக்க எந்தப் படையும் இல்லை. ஆயினும் வாசலில் நிற்கும் பிள்ளையின் பெயர் நமக்குத் தெரியுமா? வருகிற ஞாயிறு அவனருகே சென்று பெயரைக் கேளுங்கள். அடுத்த ஞாயிறு அந்தப் பெயரைச் சொல்லி அழைத்து, உங்கள் வாங்கில் இடம் கொடுங்கள். வாசகம் வாசிக்கவோ, பாடற்குழுவில் சேரவோ, நோயாளியைச் சந்திக்க உடன்வரவோ அவளிடம் ஒரு பொறுப்பை ஒப்படையுங்கள். அவர்கள் தவறு செய்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பிச்சைக்காரராய் வந்தவருக்குக் கஞ்சி கொடுத்த பெண்மணி, தான் ஒரு புனிதரைக் காப்பாற்றுவதை அறிந்திருக்கமாட்டாள். நீங்கள் இடம் கொடுக்கும் பிள்ளை நாளை யாராகும் என்பதை இறைவன் ஒருவரே அறிவார்.

தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிச் சென்ற நல்லாயனே, தேடிச் செல்லும் கால்களையும் அடையாளம் காணும் கண்களையும் எங்களுக்குத் தந்தருளும். புனித யோசப் வாஸே, எங்கள் இளையோருக்காக மன்றாடும். ஆமென்.